நட்சத்திரக் குறிக்குள் பல மொழிகள்

கார்ஸ்டன் டொமினிக் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர். இளம் விண்மீன்களைச் சுற்றித் தட்டுப்போலச் சுழலும் தூசியிலிருந்து கோள்கள் எப்படி உருவாகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. 2003இல் தன் குறிப்புகளையும் செய்ய வேண்டிய வேலைகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதற்காக, ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள் ஒரு வசதியை எழுதிக்கொண்டார். அதுதான் ஆர்க் மோட். 2007இல் ஈமேக்ஸ் 22 வெளிவந்தபோது எடிட்டருடனேயே சேர்ந்து வந்தது. இன்று அதில் கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. கணக்கு வைக்கிறவர்கள், ஆய்வேடு முடித்தவர்கள், சர்வர்களைப் பராமரிப்பவர்கள் உண்டு. ஒரு தனி மனிதரின் குறிப்பேடு இத்தனை வேலைகளுக்கு எப்படி ஈடுகொடுக்கிறது? மற்ற நிரல்மொழிகளை அது தனக்குள் அனுமதித்த விதத்தில் இருக்கிறது விடை.

ஆர்க் மோடுக்கு அடித்தளமான அவுட்லைன் எடிட்டர் என்பது புதிய யோசனை அல்ல. தலைப்பு, அதன் கீழ் துணைத்தலைப்பு, அதன் கீழ் விவரம்; வேண்டாதபோது மடித்து வைக்கலாம், வேண்டும்போது விரிக்கலாம். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் தன் கணினி அமைப்பை மேடையில் இயக்கிக் காட்டினார். கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றை வகைவாரியாகப் பிரித்து, மடித்து, விரித்துக் காட்டியது அதில் ஒரு பகுதி. 1983இல் டேவ் வைனரின் திங்க்டேங்க் இந்த வசதியை ஆப்பிள் 2 கணினிக்குக் கொண்டுவந்தது.

ஆர்க் மோட் இந்த மரபில்தான் வருகிறது. ஆனால் அதில் ஒரு முடிவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அவுட்லைனின் அமைப்பு முழுவதும் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி (*) இருந்தால் தலைப்பு, இரண்டு இருந்தால் துணைத்தலைப்பு. செங்குத்துக் கோடுகளுக்கு (|) நடுவே எழுதினால் அட்டவணை. கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தாலும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறைவான தரவுத்தளமோ, அந்த நிரலுக்கு மட்டுமே புரிகிற பைனரி வடிவமோ இல்லை. எழுத்தைப் படிக்கத் தெரிந்த எந்தக் கருவியும் இந்தக் கோப்பில் வேலை பார்க்கலாம் என்பது இதனால் கிடைத்த பலன்.

ஓர் எடிட்டரை வளர்க்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, எடிட்டர் எந்த மொழியில் எழுதப்பட்டதோ அந்த மொழியிலேயே அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது. ஈமேக்ஸில் மையம் மட்டும் சி மொழியில் இருக்கிறது. மேலே இருக்கும் பெரும்பகுதி ஈமேக்ஸ் லிஸ்ப். பயனர் எழுதும் ஃபங்ஷனுக்கும் கூடவே வந்த ஃபங்ஷனுக்கும் அந்தஸ்தில் வேறுபாடு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரை நிறுத்தாமலே அதன் நடத்தையை மாற்றி எழுதலாம். ஆர்க் மோடே அப்படி எழுதப்பட்ட ஒரு நீட்சிதான்.

எட்வர்ட் ரீம் உருவாக்கிய லியோ எடிட்டரும் இதே வழியில் வெகுதூரம் போனது; அங்கே மொழி பைத்தான். லியோவில் அவுட்லைனின் ஒவ்வொரு கணுவும் ஒரு பைத்தான் பொருள். ஒரு கணுவுக்குள் நிரல் எழுதி ஓட்டினால், அதே அவுட்லைனின் மற்ற கணுக்களுக்குள் அந்த நிரல் நடந்து போய்த் தலைப்புகளைப் படிக்கும், மாற்றும், புதிய கணுக்களைச் சேர்க்கும். கணுவின் தலைப்பில் '@பட்டன்' என்ற சொல்லை எழுதினால் அதிலுள்ள நிரல் கருவிப்பட்டையில் ஒரு பொத்தானாகிவிடும். தரவும் கருவியும் ஒரே மரத்தில் காய்க்கும் இந்த ஏற்பாடு, நான் பார்த்த எடிட்டர் வடிவமைப்புகளில் மிக அழகானவற்றில் ஒன்று.

ஆனால் உள்மொழியை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். புள்ளியியலுக்கு ஆர் மொழியில் ஆயிரக்கணக்கான தொகுப்புகள் இருக்கின்றன. வரைபடம் வரைய கிராஃப்விஸ் இருக்கிறது. தரவுத்தளத்தை வினவ எஸ்க்யூஎல் இருக்கிறது. இவற்றையெல்லாம் லிஸ்பில் திரும்ப எழுத யாருக்கும் ஆயுள் போதாது, எழுதவும் கூடாது. அவற்றை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, அவுட்லைனுக்குள்ளிருந்து கூப்பிட்டு வேலை வாங்குவது இரண்டாவது வழி. எரிக் ஷுல்ட்டேயும் டான் டேவிசனும் எழுதிய பேபல் இதைத்தான் செய்கிறது. 2010இல் ஆர்க் 7ஆம் பதிப்பில் அது முழுமையாக இணைந்தது. 2012இல் 'ஜர்னல் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிகல் சாஃப்ட்வேர்' இதழில் இதை விளக்கும் கட்டுரை வெளியானது. கட்டுரையாளர் நால்வரில் டொமினிக் வானியலாளர், தாமஸ் டை ஹவாயில் பணிபுரிந்த தொல்லியலாளர். கணினித் துறைக்கு வெளியே ஆராய்ச்சி செய்கிறவர்களின் தேவையும் இந்தக் கருவியைச் செதுக்கியிருக்கிறது.

பயன்படுத்துவது எளிது. தலைப்பின் கீழ், '#+' என்று தொடங்கும் ஒரு வரியில் நிரல்துண்டு ஆரம்பிக்கிறது என்றும் அது எந்த மொழி என்றும் சொல்ல வேண்டும். பிறகு நிரல். பிறகு முடிவைக் குறிக்கும் வரி. கர்சரை உள்ளே வைத்து கன்ட்ரோல்-சி விசையை இருமுறை அழுத்தினால் நிரல் ஓடும். விடை அதன் அடியிலேயே, அதே கோப்பில் எழுத்தாக வந்து உட்காரும். அந்த விடைக்கு ஒரு பெயர் கொடுத்தால் இன்னொரு மொழியில் இருக்கும் நிரல்துண்டு அதை உள்ளீடாக வாங்கிக்கொள்ளும். பேபலின் உயிர்நாடி இந்தக் கடைசி வசதிதான்.

தமிழில் எழுதுகிறவருக்கு நேரடியாகப் பயன்படும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள. முதலில் ஷெல் மொழியில், 'டிஆர்' கட்டளையைக் கொண்டு, ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரிமுறிவாக மாற்றும் பழைய உத்தியைப் போட்டால், தமிழில் ஒரு சொல்லும் மிஞ்சாது. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். லினக்ஸில் புழங்கும் குனூ 'டிஆர்' பைட் பைட்டாகத்தான் பார்க்கும். அந்த பைட்டுகளில் ஒன்றுகூட ஆங்கில எழுத்து அல்ல.

சரி, பைத்தானுக்குப் போகலாம். அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் 'சொல்லெழுத்து' என்பதற்கு ஒரு குறியீடு இருக்கிறது. அதைக் கொண்டு 'தமிழ்' என்ற சொல்லைத் தேடினால் 'தம' என்று ஒரு துண்டும் 'ழ' என்று ஒரு துண்டும் கிடைக்கும். இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் தனிக் குறியீடுகள். பைத்தானின் அந்த நூலகம் அவற்றை எழுத்தாக மதிப்பதில்லை. அதனால் இகரக் குறி வந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகிறது. தமிழ்ப் பனுவல்களைப் பைத்தானில் எண்ணியவர்கள் பலரும் இந்தக் கிழிசலைப் பார்த்திருப்பார்கள்.

பெர்ல் மொழியில் அதே குறியீடு இகரக் குறியையும் புள்ளியையும் சேர்த்துக்கொள்கிறது. உரை யூடிஎஃப்-8 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் 'தமிழ்' முழுச்சொல்லாகக் கிடைக்கும். யூனிகோடுக் கணக்கில் ஐந்து குறியீடுகளாகக் கிடக்கும் அந்தச் சொல்லை, நாம் எண்ணுவதுபோல மூன்று எழுத்தாக எண்ணவும் பெர்லில் ஒரு குறியீடு தயாராக இருக்கிறது. ஆகவே எண்ணும் வேலையைப் பெர்லிடம் விடலாம். அது தரும் இரண்டு பத்தி அட்டவணை கோப்பில் வந்து விழும். அதை அப்படியே ஆர் மொழியின் கையில் கொடுத்தால் பட்டை வரைபடம் வரைந்து, படக்கோப்புக்கான இணைப்பைத் தலைப்பின் கீழ் வைக்கும். எந்த மொழி எதில் கெட்டியோ அதற்கு அந்த வேலை. ஏன் பெர்ல், ஏன் பைத்தான் இல்லை என்பதையும் நடுவில் சாதாரணத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது காரணமும் கூடவே இருக்கும்.

சொற்களை எண்ணும் இந்தக் கணக்குக்குக் கணினியியலில் ஒரு பழைய கதை உண்டு. 1986இல் ஜான் பென்ட்லி தன் இதழ்ப் பத்தியில் இதே கணக்கை டொனால்ட் கனூத்திடம் கொடுத்தார். நிரலையும் விளக்கத்தையும் ஒரே ஆவணமாக, மனிதர் படிக்கும் வரிசையில் எழுத வேண்டும் என்பது கனூத்தின் கொள்கை. 1984இல் அவர் அதற்கு 'லிட்டரேட் புரோகிராமிங்' என்று பெயரிட்டுக் கட்டுரை எழுதியிருந்தார். அந்த முறையில் பல பக்கங்களுக்கு நுட்பமான ஒரு நிரலை எழுதித் தந்தார். அதற்கு விமர்சனம் எழுத வந்தவர் டக் மெக்கில்ராய், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாக்கும் குழாய் முறையை யூனிக்ஸுக்குக் கொண்டுவரச் செய்தவர். கனூத்தின் கைத்திறனைப் பாராட்டிவிட்டு, ஆறு யூனிக்ஸ் கட்டளைகளைக் குழாயில் கோத்து அதே கணக்கைச் செய்து காட்டினார். ஏற்கெனவே இருக்கும் கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்து என்பது அவர் பக்கம்; எழுதுவதை மனிதர் படிக்கும்படி எழுது என்பது கனூத்தின் பக்கம். பேபல் உள்ள ஓர் அவுட்லைனில் இந்த இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறது. மெக்கில்ராயின் குழாயை ஒரு நிரல்துண்டாக வைத்து, கனூத் விரும்பியபடி சுற்றிலும் விளக்கம் எழுதலாம்.

இதெல்லாம் உள்ளே எப்படி நடக்கிறது? எதிர்பார்ப்பதைவிட எளிமையாக. ஒரு நிரல்துண்டை ஓட்டச் சொன்னதும் பேபல் அதன் மொழிப்பெயரைப் பார்க்கிறது. ஒரு நிலையான முன்னொட்டோடு அந்த மொழிப்பெயரைச் சேர்த்தால் வரும் பெயரில் லிஸ்ப் ஃபங்ஷன் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் நிரலின் வாசகத்தையும் அமைப்புகளையும் அதனிடம் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கிறது. அவ்வளவுதான் ஒப்பந்தம். நாளை யாராவது ஒரு புது மொழி உண்டாக்கினால், அந்தப் பெயரில் சில வரி லிஸ்ப் எழுதினால் போதும், அந்த மொழி அவுட்லைனுக்குள் வந்துவிடும். பேபலை எழுதியவர்களிடம் அனுமதி கேட்க வேண்டாம், மூலநிரலைத் தொடவும் வேண்டாம்.

பைத்தானை எடுத்துப் பார்த்தால், நாம் எழுதிய வரிகள் முழுவதையும் பேபல் உள்தள்ளி ஒரு ஃபங்ஷனுக்குள் வைக்கிறது. அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவதை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும்படி கடைசியில் ஒரு வரி சேர்க்கிறது. பிறகு பைத்தானைத் தனிப் புரோசஸாக ஓட்டி, அந்தக் கோப்பைப் படித்து, உள்ளிருப்பது பட்டியல்களின் பட்டியலாக இருந்தால் ஆர்க் அட்டவணையாக மாற்றி ஒட்டுகிறது. புதிதாக வருகிறவர்கள் 'பிரிண்ட்' என்று எழுதிவிட்டு, விடை வர வேண்டிய இடத்தில் 'நன்' என்று வருவதைக் கண்டு குழம்புவது இதனால்தான். ஃபங்ஷனுக்குள் இருக்கிற நிரல் 'ரிட்டர்ன்' செய்தாக வேண்டும். அல்லது அச்சாவதையே விடையாக எடுத்துக்கொள் என்று தலைவரியில் சொல்லியாக வேண்டும்.

செஷன் என்ற இன்னொரு முறையில் பைத்தான் புரோசஸ் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் துண்டில் உண்டாக்கிய மாறி மூன்றாவது துண்டிலும் இருக்கும். இங்கே ஒரு சிக்கல். தட்டச்சு செய்வதுபோல நிரலை அனுப்பியாகிவிட்டது. அது முடிந்ததா இல்லையா என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்? பேபல் கடைசியில் தன் பங்குக்கு ஒரு தனிச் சரத்தை, வேறு யாரும் அச்சிட வாய்ப்பில்லாத ஒரு சொல்லை, அச்சிடும்படி அனுப்பிவைக்கிறது. வெளியீட்டில் அந்தச் சொல் தலைகாட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் விடை. நேர்த்தியான நெறிமுறை எதுவும் இல்லை. ஆனால் தட்டச்சு ஏற்கும் எந்த மொழியோடும் இது ஒத்துப்போகும். செஷன் வசதியானது என்றாலும் என் விருப்பம் ஒவ்வொரு துண்டும் தனியாக, புதிதாக ஓடுவதுதான். பின்னணியில் எந்த மாறி எந்த மதிப்போடு கிடக்கிறது என்பது கோப்பில் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி வந்த விடையை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

மொழிகளுக்கு நடுவே கடந்து போவது எழுத்தும் எண்ணும் அட்டவணையும்தான். ஆர்க் அட்டவணை லிஸ்பில் பட்டியல்களின் பட்டியலாகிறது. பைத்தானுக்குப் போகும்போது பைத்தான் பட்டியலாகிறது. ஆர் மொழிக்குப் போகும்போது அதன் டேட்டா ஃபிரேம் ஆகிறது. பைத்தானில் நீங்கள் கட்டிய சிக்கலான பொருளை அப்படியே ஆர் மொழிக்குள் தள்ள முடியாது. பெரிய தரவுக்கும் இந்த வாசல் போதாது. பத்து லட்சம் வரி அட்டவணையை அவுட்லைனில் ஒட்டினால் எடிட்டர் திணறும், அதைக் கோப்பாக எழுதிக் கோப்பின் பெயரை மட்டும் கைமாற்ற வேண்டும். ஆனாலும் வாசலைக் குறுகலாக வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடந்து போகும் ஒவ்வொன்றும் கண்ணால் படிக்கக்கூடிய வடிவில் பக்கத்தில் கிடக்கிறது. எந்தக் கட்டத்தில் கணக்கு பிசகியது என்று பார்க்கத் தனியாக ஒரு கருவி வேண்டாம், கண் போதும்.

மொழி என்று சொல்ல முடியாத கருவிகளும் இதே வழியில் வருகின்றன. கிராஃப்விஸுக்கு எழுதும் 'டாட்' விவரிப்பை நிரல்துண்டாக வைத்தால், பேபல் அதைத் தற்காலிகக் கோப்பில் போட்டு, 'டாட்' நிரலை ஓட்டி, வந்த படத்தை எழுத்துக்கு நடுவே காட்டும். ஷெல் துண்டின் தலைவரியில் தொலைவிலுள்ள ஒரு கணினியின் கோப்புறையைக் குறித்துவிட்டால், கட்டளை எஸ்எஸ்எச் வழியாக அங்கே ஓடி விடை இங்கே வரும். சர்வர் பராமரிப்பவர்கள் தங்கள் நடைமுறைக் கையேட்டையே இப்படி இயங்கும் ஆவணமாக வைத்துக்கொள்கிறார்கள். 'டேங்கிள்' என்ற கட்டளை, அவுட்லைனில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுத்துக் கணினிக்கு வேண்டிய வரிசையில் தனிக் கோப்புகளாக எழுதித் தருகிறது. கனூத்திடமிருந்து வந்த பெயர், கனூத்திடமிருந்து வந்த உத்தி.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. பெர்க்லியின் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதத் தொடங்கிய பேன்டாக், ஆர்க் கோப்பைப் படித்து வேர்டு ஆவணமாகவோ மின்னூலாகவோ மாற்றும். கிட்ஹப் தளத்தில் ஆர்க் கோப்பு அழகாகத் தெரிவதற்குக் காரணம் ரூபியில் எழுதிய ஒரு நூலகம். லியோவையும் விஎஸ் கோட் எடிட்டருக்குள்ளிருந்து இயக்க நீட்சி இருக்கிறது. பின்னால் லியோ ஒரு சர்வராக ஓடும். இருந்தாலும் ஆர்க் இலக்கணம் முழுவதையும் அறிந்தது ஈமேக்ஸ் ஒன்றுதான். வெளிக்கருவிகள் ஆளுக்கொரு பகுதியைப் படிக்கின்றன. எடிட்டர் உலகின் இன்னொரு மூலையில் 2016இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆதரவு எழுதும் சுமையை ஒரே பொதுவான நெறிமுறையால் குறைத்தது. ஆர்க் மோடுக்கு அப்படி ஒரு நெறிமுறை இன்னும் அமையவில்லை. அதன் பெரிய குறை இது. ஈமேக்ஸ் கற்காதவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பதும் இதுவே.

கோப்பு இயங்கத் தொடங்கினால் ஆபத்தும் கூடவே வரும். யாரோ அனுப்பிய குறிப்புக் கோப்பில் ஹார்ட் டிஸ்கையே அழிக்கும் ஒரு ஷெல் துண்டு இருக்கலாம். அதனால் ஆர்க் மோட் நிறுவியவுடன் ஈமேக்ஸ் லிஸ்ப் துண்டுகள் மட்டுமே ஓடும். மற்ற மொழிகளைப் பயனர்தான் ஒவ்வொன்றாகத் திறந்துவிட வேண்டும். எந்தத் துண்டை ஓட்டுவதற்கு முன்னும் கேட்டுவிட்டே ஓட்டும். இத்தனை எச்சரிக்கைக்கும் தப்பிய ஓட்டைகள் இருந்தன. 2024 மார்ச்சில் வந்த ஈமேக்ஸ் 29.3, ஒரு கோப்பில் ஆர்க் மோட் தொடங்கும்போதே அதிலுள்ள லிஸ்ப் ஓடிவிடக்கூடிய ஒரு வழியை அடைத்தது. அதே ஆண்டு ஜூனில் 29.4, ஷெல் கட்டளை ஓடிவிடக்கூடிய இன்னொரு வழியை அடைத்தது. பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

அனுமதி கேட்பது ஒவ்வொரு முறையும் தொந்தரவாகத் தெரியும். பலர் அதை ஒரேயடியாக அணைத்துவிடுகிறார்கள். அணைக்க வேண்டியதில்லை. அனுமதி கேட்கும் அமைப்பில் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக ஒரு லிஸ்ப் ஃபங்ஷனையே வைக்கலாம். எந்த மொழி, என்ன நிரல் என்ற இரண்டையும் பேபல் அதனிடம் கொடுத்து, கேட்கட்டுமா என்று விசாரிக்கும். படம் மட்டும் வரையும் 'டாட்' என்றால் கேட்காமல் ஓடு, ஷெல் என்றால் எப்போதும் கேள் என்று எழுத இரண்டு மூன்று வரிகளே ஆகும்.